‘இலை எவ்வளவு?’ – கல்யாணச் சமையல் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் திருச்சியில் கல்யாணச் சமையல் ஒப்பந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில், தேடி வருகிற குடும்பத்தார் முதலில் கேட்டது, “அந்தத் தேதியில் உங்களால் வர முடியுமா?” என்பதைத்தான். யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம், பெண் எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்து, காபி குடித்து முடித்த பிறகே விலைப் பேச்சு வரும். இன்று தொலைபேசியை எடுத்ததும் காதில் விழுவது “இலை எவ்வளவு?” என்ற கேள்வி; அதாவது, ஒருவர் சாப்பாட்டுக்கு என்ன விலை என்பது. கேட்பவர் அதே கேள்வியை அதே மாலையில் இன்னும் நான்கு பேரிடம் கேட்டிருப்பார்; நான்கு பதில்களும் குடும்ப வாட்ஸப் குழுவில் வரிசையாக ஏறியிருக்கும். புதியவர் பதற்றத்தில் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். அவருடைய நஷ்டம் அந்த எண்ணில்தான் தொடங்குகிறது. இந்த ஒரு கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். சமையலைப் பற்றி எழுதப்போவதில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களே இத்தொழிலில் அதிகம் நொடித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில், கேட்பவர் கஞ்சர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2025 ஜனவரியில் சென்னையில் 57,000 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த ஒரு சவரன் தங்கம், அதே ஆண்டு அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. பத்துச் சவரன் என்று பேசி முடித்த வீட்டில், ஒரே ஆண்டுக்குள் மூன்று லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் புரட்ட வேண்டியிருந்தது. நகைக்கடையில் அன்றைய விலையைப் பேரம் பேச முடியாது. மண்டப வாடகையையும் பெரும்பாலும் பேச முடியாது. பேசிக் குறைக்கக்கூடியவர்கள் என்று மிஞ்சுவது சமையல்காரர், அலங்காரக்காரர், புகைப்படக்காரர் ஆகிய மூவர்தாம். அவர்களிலும் பெரிய தொகை நம்முடையது என்பதால் முதலில் நம்மிடம் வருகிறார்கள். 2020இல் கொரோனா கட்டுப்பாட்டின்போது ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கல்யாணங்களை நடத்திப் பார்த்தபோது, சிறிய கல்யாணம் கௌரவக் குறைவு அல்ல என்பதும் பல குடும்பங்களுக்குப் பழகிவிட்டது. ஆகவே ஆயிரம் இலைக் கல்யாணம் ஒழிந்துவிடவில்லை என்றாலும், கோயிலில் தாலி கட்டி, சிறிய மண்டபத்தில் 150 பேருக்குச் சாப்பாடு போடுகிற கல்யாணம் நிரந்தரமாக வந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் ஒரே விலைப் பட்டியலை நீட்டுபவர் இரண்டிலும் தோற்பார்.

முதல் படி: ஓர் இலையின் அடக்க விலையை எழுதிப் பாருங்கள்

விலை சொல்வதற்கு முன் உங்களுக்கு என்ன செலவாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இது சொல்ல வேண்டியதே இல்லாத செய்தி போலத் தோன்றும். ஆனால் புதியவர்களில் பலர், தாங்கள் முன்பு வேலை பார்த்த மாஸ்டர் என்ன விலை சொன்னாரோ அதில் பத்து ரூபாய் குறைத்துச் சொல்லித்தான் தொழிலைத் தொடங்குகிறார்கள். அந்த மாஸ்டருக்குச் சொந்தப் பாத்திரம் இருந்தது, இருபது ஆண்டு கடன் வாடிக்கையுள்ள மளிகைக் கடை இருந்தது, தம்பியே வண்டி ஓட்டினான் என்பதெல்லாம் இவருக்கு அப்போது கண்ணில் படாது.

ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்று, இலை கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாத செலவு: மாஸ்டர் கூலி, அடிப்படை உதவியாட்களின் கூலி, பாத்திர வாடகை, வண்டி வாடகை, சமையலறையைக் கழுவி விடுவதற்கான தொகை. மற்றொன்று, இலைக்கு இலை ஏறும் செலவு: அரிசி, பருப்பு, எண்ணெய், நெய், காய்கறி, பால், தயிர், வாழையிலை, சிலிண்டர், கூட்டத்துக்கு ஏற்பக் கூடும் பரிமாறுவோர் கூலி. பேச்சுக்கு, மாறாத செலவு 36,000 ரூபாய் என்றும் மாறும் செலவு இலைக்கு 130 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 600 இலைக் கல்யாணத்தில் மாறாத செலவு இலைக்கு 60 ரூபாயாகப் பிரிந்துவிடுகிறது; அடக்கம் 190. அதுவே 300 இலையில் 250 ஆகிறது. 150 இலையில் 370 ஆகிறது. ஒரே சமையல், ஒரே கை, ஒரே சாம்பார்தான். ஆனால் அடக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. “போன வாரம் எங்கள் அத்தை வீட்டில் 220க்குப் போட்டீர்களே” என்று 150 இலைக் கல்யாணக்காரர் கேட்கும்போது, இந்தக் கணக்குத் தெரியாதவர் வாயடைத்துப்போய் ஒப்புக்கொண்டுவிடுவார். தெரிந்தவர் தாளில் எழுதிக் காட்டுவார். எழுதிக் காட்டினால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஆகவே விலைப் பட்டியலை இலை எண்ணிக்கைக்கு ஏற்பப் படிப்படியாகவே வையுங்கள்: 200 வரை ஒரு விலை, 400 வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒரு விலை. எத்தனை இலைக்குக் கீழ் வேலை எடுப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாறும் செலவைச் சரியாகப் போட, அளவுகள் விரல்நுனியில் இருக்க வேண்டும். சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு போடும் மதியப் பந்திக்கு நூறு இலைக்கு 12 கிலோ அரிசி என்பது என் கணக்கு; கலந்த சாதம் ஒன்று முன்னால் போனால் 10 கிலோவே போதும். காபிக்கு ஒரு லிட்டர் பாலில் 12 டம்ளர். இந்த அளவுகள் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறுபடும். கொங்கு நாட்டுப் பந்தியும் தஞ்சாவூர்ப் பந்தியும் ஒரே அரிசியைச் சாப்பிடுவதில்லை. ஆகவே என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் முதல் பத்துக் கல்யாணங்களில் மிஞ்சியதையும் பற்றாததையும் குறித்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாம் படி: விலையைக் குறைக்காதீர்கள், இலையைச் சுருக்குங்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைய வேண்டுமானால் இலையிலிருந்து ஏதாவது ஒன்று வெளிப்படையாக இறங்க வேண்டும். இலையில் எதுவும் இறங்காமல் விலை மட்டும் இறங்கினால், அந்த வித்தியாசம் வேறெங்காவது போய் நிற்கும்: நெய்யில் கலப்படமாக, பருப்பில் தண்ணீராக, பரிமாறும் பிள்ளைகளின் கூலிப் பாக்கியாக.

ஒரு முறை பெண்ணின் தந்தை ஒருவர் கைப்பேசியை நீட்டி, “தம்பி, இவர் 210க்கு முடிச்சுத் தர்றேங்கறார். நீங்க 260 சொல்றீங்க. உங்க சாப்பாடு பிடிச்சிருக்கு, ஆனா இலைக்கு அம்பது ரூபாய்னா சும்மாவா?” என்றார். “சும்மா இல்லீங்கய்யா. நானும் குறைக்கிறேன். எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க” என்று பட்டியலையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தினேன். ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே அதன் விலை எழுதியிருந்தது. இரண்டாவது இனிப்பை அடித்தார்; 12 ரூபாய். சின்னத் தண்ணீர் பாட்டிலை அடித்து, டம்ளரில் ஊற்றச் சொன்னார், 8 ரூபாய். கோபி 65ஐ அடித்தார்; 14 ரூபாய். ஐஸ்கிரீமில் பென்சில் நின்றது. “இது இருக்கட்டும், சம்பந்தி வீட்ல கேப்பாங்க” என்றார். 226 ரூபாயில் முடிந்தது. ஐஸ்கிரீமையும் அடித்திருந்தால் 211. நான் அவரிடம் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. அவரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. மறு ஆண்டு இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கும் அதே பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதற்காகவே பண்டவாரியாக விலை போட்ட பட்டியலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எதை எடுத்தால் இலை வெறிச்சென்று தெரியும், எதை எடுத்தால் யாருக்கும் தெரியாது என்பதையும் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். என் பார்வையில், அப்பளம், வடை, பாயசம், நெய் ஆகிய நான்கிலும் கை வைக்கக் கூடாது. இவை இல்லாவிட்டால் கல்யாணச் சாப்பாடு என்ற எண்ணமே போய்விடும். மாறாக, மூன்று பொரியலில் ஒன்று போனால் யாரும் கேட்பதில்லை. வரவேற்பு விருந்தில் ரொட்டி, பன்னீர் மசாலா, சாட், பீடா என்று சேர்ந்துகொண்டே போகிற தனிக் கடைகள்தாம் இன்று விலையை ஏற்றுகின்றன. ஒவ்வொரு கடைக்கும் தனி ஆள், தனி அடுப்பு வேண்டும். ஐந்து கடைகளை இரண்டாக்கி, அந்த இரண்டையும் நன்றாகச் செய்தால் செலவும் இறங்கும், வரிசையும் வேகமாக நகரும்.

மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதல் நாள் மாலை வரவேற்புக்குத்தான் கூட்டம். மறுநாள் வேலை நாளாக இருந்தால் முகூர்த்தக் காலைச் சிற்றுண்டிக்கு அதில் பாதிகூடத் தேறாது. வரவேற்புக்கு 500 இலை, காலைக்கு 250, மதியத்துக்கு 300 என்று தனித்தனியாக எண்ணிக்கையும் விலையும் போட்டுக் கொடுத்தால், கேட்பவருக்கு மொத்தத் தொகை உடனே இறங்கித் தெரியும். விலை குறைவாகத் தெரிவதற்கு நேர்மையான வழி இது.

மூன்றாம் படி: எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள்

என் முதல் ஆண்டில் 400 இலைக்குப் பேசிய ஒரு கல்யாணத்தில் 460 பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். மாலையில் கணக்குப் பார்க்கும்போது, பெண்ணின் பெரியப்பா “390 தாண்டியிருக்காது” என்றார். என்னிடம் கணக்கு இல்லை. அவரிடம் குரல் இருந்தது. அன்று இழந்த தொகையில்தான் கீழே சொல்லும் முறையைக் கற்றுக்கொண்டேன்.

பந்தி தொடங்குமுன், குடும்பத்தார் நியமிக்கும் ஒருவர் முன்னிலையில் இலைக் கட்டுகளைப் பிரித்து எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கிழிந்த இலைகளை வீசாமல் தனியே வையுங்கள். கடைசிப் பந்தி முடிந்ததும் மிஞ்சியதையும் கிழிந்ததையும் எண்ணிக் கழித்தால் விழுந்த இலை எவ்வளவு என்பது தெரிந்துவிடும். இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். அந்த ஒருவர் யார் என்பதைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே பெயர் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலையில் கேட்டால் எல்லோரும் பட்டுவேட்டியில் பறந்துகொண்டிருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று எண்கள் இருக்க வேண்டும். குறைந்தபட்ச உறுதி எண்ணிக்கை, அதாவது இத்தனை பேர் வராவிட்டாலும் இத்தனைக்குப் பணம் உண்டு என்பது. அதற்கு மேல் எத்தனை வரை நீங்கள் தாங்குவீர்கள் என்பது. நான் பத்துச் சதவீதம் என்று எழுதுகிறேன். மூன்றாவது, பலர் மறந்துவிடுகிற எண்: தொழில் செய்பவர்களின் இலை. மேளக்காரர், புகைப்படக்காரர், பந்தல்காரர், வேன் ஓட்டுநர்கள், மண்டபத்து ஆட்கள் என்று கடைசிப் பந்தியில் முப்பது, நாற்பது பேர் உட்காருவார்கள். அவர்கள் கணக்கில் உண்டா, இல்லையா, உண்டென்றால் பாதி விலையா, முழு விலையா என்பதை முன்பே பேசிவிடுங்கள். எப்படிப் பேசினாலும் அவர்களுக்கு மற்றவர்களுக்குப் போட்ட அதே சாப்பாட்டைப் போடுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு உங்கள் பெயரைச் சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

நான்காம் படி: மூன்று மாதத்துக்குப் பின் வரும் விலைக்கு இன்றே பொறுப்பேற்காதீர்கள்

கல்யாணம் நிச்சயமாகும் நாளுக்கும் இலை விழும் நாளுக்கும் இடையே மூன்று முதல் ஆறு மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் விலைவாசி உங்களைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரியை ஒன்றிய அரசு பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 12.5இலிருந்து 32.5 சதவீதம். இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது என்பதால் கடை விலையும் உடனே ஏறியது. ஆடியில் பேசி முன்பணம் வாங்கியவர்கள், ஐப்பசி முகூர்த்தத்துக்கு எண்ணெய் வாங்கப் போனபோது தங்கள் லாபத்தை டின்னில் விட்டுவிட்டு வந்தார்கள். 2025 மே 30 முதல் கச்சா எண்ணெய்க்கான அந்த வரி 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்போது பேசியவர்களுக்கு அது சற்று இதமாக இருந்திருக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. ஆனியின் கடைசி முகூர்த்தங்களில் தக்காளித் தொக்கு எழுதிக் கொடுத்திருந்தவர்களின் பாடு சொல்லி முடியாது.

இதற்கு இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, எண்ணெய், துவரம்பருப்பு, உளுந்து, நெய், அரிசி ஆகிய ஐந்தின் அன்றைய விலையை ஒப்பந்தத் தாளிலேயே எழுதி, கல்யாணத்துக்கு 15 நாள் முன்பு அவற்றில் ஏதாவது பத்துச் சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் அந்த வித்தியாசத்தை இரு தரப்பும் பாதிப் பாதியாக ஏற்பது என்று சேர்ப்பது. இறங்கியிருந்தால் நீங்களும் பாதியைத் திருப்பித் தர வேண்டும். அந்த வாக்கியம் இருந்தால்தான் மற்ற வாக்கியத்தைப் படிப்பவர் நம்புவார். இரண்டு, காய்கறிகளின் பெயரைக் குறிப்பிடாமல் வகையை மட்டும் எழுதுவது: “பீன்ஸ் பருப்பு உசிலி” என்று எழுதாமல் “பருவக் காயில் ஒரு பருப்பு உசிலி” என்று எழுதினால், பீன்ஸ் எகிறும் வாரத்தில் கொத்தவரங்காய்க்குப் போகலாம்.

விலை ஏறும் என்று பயந்து முழு ஒப்பந்தமே வேண்டாம் என நினைப்பவர்களுக்குப் பழைய முறை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மளிகை லிஸ்டை நீங்கள் எழுதிக் கொடுக்க, வீட்டாரே பொருள் வாங்கிப் போட, நீங்கள் சமையல் கூலியை மட்டும் வாங்கிக்கொள்வது. லாபம் குறைவு, நஷ்டத்துக்கு வழியில்லை. முதலீடு இல்லாத புதியவர் முதல் ஆறு மாதத்தை இப்படி ஓட்டுவது நல்லது என்பதே என் கருத்து. லிஸ்டில் தாராளமாக எழுதி மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற பேச்சு இத்தொழிலில் பழையது. மிஞ்சிய மளிகையைக் கல்யாணத்தன்று மாலையே எடைபோட்டு ஒப்படைத்து, அந்தப் பேச்சுக்கு இடம் வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கூலியில் கை வைக்காமல் செலவைக் குறையுங்கள்

விலை நெருக்கும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது பரிமாறும் ஆட்களை. நூறு பேர் அமரும் பந்திக்குப் பத்துப் பேராவது வேண்டும். ஆறு பேரை வைத்துப் பாருங்கள்: சாம்பார் முதல் இலைக்கு வரும்போது பத்தாவது இலையில் சாதம் ஆறிப்போயிருக்கும். சாப்பிட்டவர் “சமையல் சரியில்லை” என்றுதான் சொல்வார். “ஆள் பற்றவில்லை” என்று சொல்லமாட்டார். பரிமாறுவோருக்கு அன்றன்றே கூலியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பெரிய முகூர்த்தத்தில் ஊரெல்லாம் ஆள் தேடும்போது அவர்கள் உங்களிடம் வருவதற்குக் காரணம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

உண்மையில் குறைக்க முடிவது மாறாத செலவைத்தான். சிறிய கல்யாணங்கள் பெருகியிருப்பதால், ஒரே முகூர்த்த நாளில் இரண்டு 150 இலைக் கல்யாணங்களை ஒரே சமையற்கூடத்திலிருந்து நடத்தும் முறை இப்போது கைகொடுக்கிறது. சாம்பார், ரசம், பாயசம், கூட்டு ஆகியவை மூடிய பாத்திரத்தில் அரை மணி நேரம் பயணம் செய்யும். வடை, அப்பளம், தோசை, காபி ஆகியவை பயணம் செய்யாது; மண்டபத்திலேயே ஓர் அடுப்பும் ஓர் ஆளும் வேண்டும். தேங்காய் போட்ட பொரியலைச் சூடாக மூடி எடுத்துச் சென்றால் சித்திரை வெயிலில் ஊசிப்போக வாய்ப்பு அதிகம். தேங்காயை அங்கே போய்த் தூவுங்கள். சாதத்தையும் இரண்டு தவணையாக வடித்து அனுப்புவதே நல்லது. இப்படி ஒரு மாஸ்டர் கூலி இரண்டு கல்யாணத்துக்குப் பிரிந்தால்தான் 150 இலைக்காரருக்கு அவரால் கொடுக்க முடிகிற விலையை உங்களால் சொல்ல முடியும். ஆனால் இரண்டுக்கும் முகூர்த்த நேரம் ஒன்றாக இருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். இரண்டு வீட்டிலும் கெட்ட பெயர் வாங்குவதற்கு ஒரு வண்டி டயர் பஞ்சர் ஆனால் போதும்.

மண்டபத்தின் நிபந்தனைகளையும் விலை சொல்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மண்டபங்களில் வெளிச் சமையல்காரருக்கு அனுமதியே இல்லை. சிலவற்றில் இலைக்கு இவ்வளவு என்று மண்டபத்துக்குக் கட்ட வேண்டும். தண்ணீர் லாரி யார் பொறுப்பு, குப்பை அள்ள யார் பணம் தருவது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறுபடும். மண்டபமும் அலங்காரமும் புகைப்படமும் சாப்பாடும் ஒன்றாகச் சேர்த்துப் பேக்கேஜ் விற்பவர்கள் உங்களைத் தேடி வந்தால், சேர்வதில் தவறில்லை. அவர்கள் கேட்கும் கமிஷன் உங்கள் அடக்கத்துக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே புகுந்துவிட்டதா என்பதை மட்டும் நோட்டைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்பவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்துப் பதிவோ உரிமமோ பெறாமல் சமையல் ஒப்பந்தம் எடுக்கக் கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஒரு கல்யாணம் மூன்று லட்சம் என்றால் ஏழாவது கல்யாணத்திலேயே அந்தக் கோட்டைக் கடந்துவிடுவீர்கள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண மண்டபத்தில் போடும் விருந்துக்கு வரி 5 சதவீதம். அதில் உள்ளீட்டு வரியை, அதாவது பொருள் வாங்கும்போது நீங்கள் கட்டிய வரியை, கழித்துக்கொள்ள முடியாது என்பதால், வணிகச் சிலிண்டருக்குக் கட்டிய 18 சதவீதமும் உங்கள் அடக்கத்தில்தான் சேரும். விலை சொல்லும்போதே வரி உட்படவா, தனியா என்று எழுதிவிடுங்கள். வீட்டுச் சிலிண்டரைக் கல்யாண அடுப்பில் மாட்டாதீர்கள். 19 கிலோ வணிகச் சிலிண்டரின் விலை பொதுவாக மாதத்தின் முதல் தேதியில் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டிருக்கிறது. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காபிக் கோப்பையும் அதில் அடக்கம். எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்துக் கழுவ ஓர் ஆள் வைப்பது அபராதத்தைவிட மலிவு.

பணம் வாங்கும் வரிசை

தேதி உறுதியாகும்போது ஒரு பங்கு, பத்து நாள் முன்பு மளிகை வாங்கும் வேளையில் பெரும் பங்கு, முதல் நாள் மாலை அடுப்பு மூட்டுவதற்கு முன் மீதி. கூடுதல் இலைக்கான கணக்கு மட்டுமே கல்யாணத்துக்குப் பின் நிற்க வேண்டும். தாலி கட்டி முடிந்த வீட்டில் பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். மீதிக்காக அங்கே நிற்பவர்களில் கடைசி ஆள் சமையல்காரர்தான். தேதி தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும், நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மங்களகரமான பேச்சின் நடுவே வாயால் சொல்ல வேண்டாம். தாளில் அச்சிட்டு வைத்துவிடுங்கள், அவர்களே படித்துக்கொள்வார்கள்.

தேதிக்கும் ஒரு விலை உண்டு

ஞாயிற்றுக்கிழமையும் வளர்பிறை முகூர்த்தமும் சேர்ந்து வருகிற நாளில் வாழையிலையும் மல்லிகையும் ஆள் கூலியும் ஏறிவிடுகின்றன. அந்த நாளுக்கும் சாதாரண நாள் வரவேற்புக்கும் ஒரே விலை சொல்வதில் நியாயம் இல்லை. பெரிய முகூர்த்தத்தில் விலையைக் கொஞ்சமும் இறக்காதீர்கள். தேய்பிறை முகூர்த்தத்திலும், வாரநாள் வரவேற்பிலும் தாராளமாக இறக்குங்கள். அன்று உங்கள் ஆட்களும் பாத்திரங்களும் சும்மா இருப்பவைதாம். தேதியை மாற்ற முடிகிற குடும்பத்துக்கு இதை நீங்களே எடுத்துச் சொன்னால், குறைந்த விலை கேட்டு வந்தவர் மனநிறைவோடு போவார்.

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கல்யாணம் இல்லாத மாதங்கள். இவற்றில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருபவர்தான் தையில் எந்த விலைக்கும் ஒப்புக்கொள்கிறார். பசி அவரைப் பேச விடுவதில்லை. ஆடியில் அம்மன் கோயில் கூழும் அன்னதானமும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் தளிகையும், ஆயுத பூஜைக்கு அலுவலகங்களின் பொரி, சுண்டல், மதியச் சாப்பாடும், தீபாவளிக்கு இனிப்பு, காரமும் இருக்கின்றன. சென்னையில் மார்கழி இசை விழாவின்போது சபாக்களின் கேண்டீனை நடத்துபவர்கள் கல்யாணச் சமையல்காரர்கள்தாம். ஒரு மாதம் முழுக்க வருகிறவர்கள் சுவை பார்த்துவிட்டுப் போவதைவிட வேறு விளம்பரம் எதற்கு? ஊரில் சபா இல்லாதவர், வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று ஐம்பது, நூறு இலை விசேஷங்களை வாடிக்கையாக்கிக்கொள்ளலாம். அவற்றில் லாபம் சிறிது. ஆனால் வளைகாப்புக்குச் சாப்பிட வந்த அத்தைகளில் ஒருவர் வீட்டில் நிச்சயம் ஒரு பெண் கல்யாணத்துக்கு இருப்பாள்.

விளம்பரத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இணையத்தளங்களுக்குப் பணம் கட்டி வாங்குகிற விசாரணைகளில் பெரும்பாலானவை விலை கேட்டு ஒதுங்குபவையாகவே எனக்கு வந்தன. அதே பணத்தில், பேசி முடிக்கும் நிலையில் இருக்கிற குடும்பத்திலிருந்து நான்கு பேரை, வேறு ஏதாவது கல்யாணத்தில் அந்த வீட்டார் அனுமதியோடு, ஒரு பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வது பலன் தந்திருக்கிறது.

கடைசிப் படி மறுநாள் காலையில்

கல்யாணம் முடிந்த மறுநாள், தூங்கி எழுந்ததும் அந்த நோட்டை எடுங்கள். போட்ட கணக்குக்கு எதிரே ஆன கணக்கை எழுதுங்கள்: எத்தனை கிலோ அரிசி மிஞ்சியது, எந்தப் பண்டம் இலையிலேயே கிடந்தது, சிலிண்டர் எத்தனை, வண்டி எத்தனை நடை, எந்தப் பந்தியில் ஆள் பற்றவில்லை. இரண்டு நாள் கழித்து எழுதினால் மறந்துவிடும். ஒரு வாரம் கழித்தால் மனசாட்சிக்குத் தோதாக மாறிவிடும். பாத்திரக் கடைக்குத் திருப்பிய கரண்டிகளில் எத்தனை குறைகிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். என் நோட்டில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சராசரியாக இரண்டு கரண்டிகள் குறைகின்றன. அவற்றின் விலையும் இப்போது என் இலைக் கணக்கில் இருக்கிறது.